புகையில்லாத நெருப்பு

சிசேரியன் முடிந்து வயிற்றைத் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். துடைத்துச் சுற்றிய குழந்தை, மருத்துவச்சியான என் கையில் இருக்கிறது. மேசையில் கிடக்கும் அதன் அம்மா ரும்துவோலின் பற்கள் தந்தியடிக்கின்றன. ஏசியைக் குறைத்தால் டாக்டருக்கு வேர்க்குமாம். மரத்துப்போன இடுப்புக்கு மேலே அவள் உடம்பு உதறுகிறது. குளிரைவிட அவளுக்குப் பயம்தான் பெரிது. கம்போடியாவில் எங்கள் பத்தம்பாங் பக்கம் பிள்ளை பெற்றவளை மூங்கில் கட்டிலில் கிடத்தி, அடியில் கரி நெருப்பு மூட்டுவோம். அந்தச் சூடு படாதவள் ஆயுசுக்கும் நோயாளி என்பார்கள். தையல் போட்ட வயிற்றுக்கு நெருப்பே கூடாதென்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

"நெருப்பில்லாம நான் வீணாப் போயிருவேன்க்கா."

நர்ஸ் சன்னாரி காகிதம் போன்ற போர்வையொன்றை அவள் மார்பின்மேல் விரித்து, குழாயைச் சொருகிப் பொத்தானை அமுக்குகிறாள். வெப்பக்காற்று புகுந்து போர்வை உப்புகிறது.

"இந்தா, உன் நெருப்பு. மூட்டியாச்சு."

"கரி எங்கக்கா?"

"இது கரண்டுல எரியுது, தங்கச்சி."

உதறல் தோளிலிருந்து மெல்ல இறங்கி அடங்குகிறது. தாடையின் நடுக்கமும் நிற்கிறது. குழந்தையை அவள் கன்னத்தோடு சேர்த்து வைக்கிறேன். ரும்துவோல் ஊசி ஏறிய கையை மெதுவாகத் தூக்கி, புகை பட்டுவிடாமல் குழந்தையின் கண்களைப் பொத்துகிறாள்.