சத்தம் வேண்டாம்

ஊர்காவற்றுறையில் பரமலிங்கம் நடத்திய தொலைக்காட்சிக் கடைக்குக் கரம்பொன் ஊரிலிருந்து ஆழ்வாப்பிள்ளை மனைவி அம்பிகையோடு வந்தார். இலண்டனிலிருந்து மகள் அனுப்பிய வீடியோ கசற்றை நீட்டினார்.

"இதைப் போட்டுக் காட்டும் தம்பி. சத்தம் வேண்டாம்."

சின்னப் பெட்டிகள் இரண்டிலும் பார்த்துவிட்டு, சரிவராது என்று அம்பிகை தலையசைத்தாள். அலுமாரியைப் போல் நின்ற புதுப் பெட்டியின் போர்வையைப் பரமலிங்கம் விலக்கினான்.

"இது பின்னாலையிருந்து திரையிலை படம் விழுற ரீவி, அண்ணை. சத்தத்தைக் கேட்டுப் பாருங்கோ, வீடே அதிரும்!"

"சத்தம் வேண்டாமெண்டெல்லோ சொன்னனான்."

வாங்க வந்தவர்களாகத் தெரியவில்லை என்ற எரிச்சலோடு பரமலிங்கம் சத்தமில்லாமல் படத்தை ஓடவிட்டான். கைக்குழந்தையோடு மகள் ஆளுயரத்துக்குத் திரையில் எழுந்தாள். அவள் உதடுகள் அசைந்தன. அம்பிகை திரைக்கு நேரே போய் நின்றாள்.

"பிள்ளைக்கு என்ரை பேர்தான் வைச்சிருக்காம்," என்றாள். "சிரிப்பும் என்னைப் போலையாம்."

பரமலிங்கம் திகைத்துப்போய்ச் சத்தத்தைக் கூட்டினான்.

"உங்கட சிரிப்புத்தான் அம்மா இவளுக்கு!" மகளின் குரல் கடையை அதிரவைத்தது. அம்பிகை அசையவேயில்லை.

"காய்ச்சலிலை இவவுக்குக் காது கேளாமல் போட்டுது தம்பி. வாயசைவைப் பாத்துத்தான் விளங்கிக்கொள்ளுவா," என்றார் ஆழ்வாப்பிள்ளை. "நானும் இந்தக் கசற்றை இன்னும் கேக்கேல்லை. பிள்ளையின்ரை புதினத்தை இவ சொல்லித்தான் நான் அறியவேணும் எண்டு ஆசைப்பட்டனான்."

பரமலிங்கம் சத்தத்தை அடைத்தான். திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அம்பிகை அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.