தாகம் எடுக்காதவள்

ஏலக்காய்த் தோட்டத்தில் மயங்கி விழுந்த முனீஸ்வரியை, தோட்டத்து முதலாளி கார்முகில் தன் ஜீப்பிலேயே போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

சோதனைத் தாளைப் பார்த்த டாக்டர் யாஸ்மின் நிமிர்ந்தார். "அடிக்கடி நீர்க்கடுப்பு வந்து, இப்பக் கிட்னி வரைக்கும் போயிருச்சு. பகல்ல தண்ணியே குடிக்கிறதில்லையாம்மா?"

"தாகமே எடுக்க மாட்டேங்குதுங்க."

"கேன் கேனா தண்ணி வச்சிருக்கேன் டாக்டர். ஒரு பொம்பள தொட்டுப் பாக்கிறதில்ல" என்றார் கார்முகில் ஆதங்கத்தோடு.

டாக்டர் யோசித்தார். "தோட்டத்துல பொம்பளையாளுகளுக்குக் கக்கூஸ் இருக்கா?"

கார்முகில் வாய் திறப்பதற்குள் முனீஸ்வரி முந்திக்கொண்டாள். "இருக்குங்க. அண்ணன் நல்லாக் கட்டிக் குடுத்திருக்காரு."

"எல்லாத் தோட்டத்துலயும் இப்படிச் செஞ்சா எவ்வளவு நல்லாருக்கும்" என்றபடி டாக்டர் மருந்து எழுதினார்.

கார்முகிலால் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. பெண்கள் ஏன் பொழுதுக்கும் தண்ணீரைத் தொடுவதில்லை என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. முனீஸ்வரி சொன்னது பொய்யில்லை, கட்டித்தான் கொடுத்திருந்தார். மழையில் நனையக் கூடாதென்று உர மூட்டைகளை அதற்குள் அடுக்கிப் பூட்டி ஆறு மாதமாகிறது.

சாவி அவர் சட்டைப் பையில்தான் கிடந்தது.