முதல் கண்

"முதல்ல எனக்குத்தான் ஆபரேஷன். அவ அப்புறம் பண்ணிக்கட்டும்."

கண் ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் அண்ணன் இப்படி அடித்துச் சொன்னதும் தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டரம்மா லீவில் போவதற்குள் ஒரே ஒரு இடம்தான் காலி. அதை விட்டால் அடுத்த மாதம்தான்.

"அண்ணே, நான் பேக்கரியில கேக் மேல பேர் எழுதறவ. இந்தக் கண்ணுதான் எனக்குச் சோறு போடுது. வீட்ல உக்காந்து ரேடியோ கேக்கற உனக்கு என்ன அவசரம்? ரேடியோவுக்குக் கண்ணு எதுக்கு?"

"பாட்டு எங்கேருந்து வருதுன்னு பாக்க வேண்டாமா?"

ரிசப்ஷன் பெண் சிரித்துவிட்டாள். தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. போன வாரம்தான் ரோஜாப்பூ என்று நினைத்துக்கொண்டு ஒரு கேக் மேல் கிரீமில் முட்டைக்கோஸைப் பிழிந்து வைத்திருந்தாள். "சீக்கிரம் கண்ணைச் சரி பண்ணிட்டு வாம்மா, இல்லேன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் சின்ன வயதிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி. இப்போது இரண்டு பேருக்கும் கண்ணில் புரை. சற்று முன்புதான் டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்து விளக்கியிருந்தார்.

"உங்க ரெண்டு பேர் கண்ணும் நீளமான கண்ணு. பின்பக்கமா கொஞ்சம் நீண்டிருக்கு. இந்த மாதிரி கண்ணுக்கு உள்ளே வைக்கற லென்ஸோட பவர் கணக்கு சில சமயம் பிசகிடும். அதனால ஒரு கண்ணு முதல்ல. அது எப்படி வருதுன்னு பாத்துட்டு, அடுத்த கண்ணுக்குக் கணக்கைத் திருத்திக்குவோம்."

"பிசகினா கேக்ல எழுத முடியாதா டாக்டர்?" தங்கை பதறினாள்.

"அப்படி ஒண்ணும் ஆகாது. கண்ணாடி போட வேண்டிவரும், அவ்வளவுதான்."

"இப்பவே கண்ணாடியைக் கழட்டிட்டு, மூஞ்சிகிட்ட வச்சு எழுதறவ டாக்டர் நான். கண்ணாடி போட்டா கிரீம் அப்பிக்கும்."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பக்கத்தில் கல் மாதிரி உட்கார்ந்திருந்த மனுஷன்தான் வெளியே வந்ததும் இடத்தைப் பிடுங்கிக்கொண்டான்.

"போ, நல்லா இரு. பெரியவன்னு பேருதான்!" தங்கை விருட்டென்று நடந்துவிட்டாள்.

ஆபரேஷன் முடிந்து கொஞ்ச நாளில் அண்ணன் புதுக் கண்ணாடியோடு வந்து நின்றான். ஒரு பக்கம் பழைய சோடாபுட்டி, இன்னொரு பக்கம் மெல்லிசுக் கண்ணாடி.

"எப்படித் தெரியுது?"

"பளிச்சுனு தெரியுது."

"பளிச்சுனு தெரியறவனுக்குக் கண்ணாடி எதுக்கு?"

"ஸ்டைலுக்கு."

பேச்சுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை என்று அவள் முணுமுணுத்தாள்.

டாக்டரம்மா லீவு முடிந்து வந்தார். "நியாயமா உங்க இன்னொரு கண்ணுக்குத்தான் இப்ப பண்ணணும்" என்றதற்கு அண்ணன் பிடிவாதமாகத் தலையாட்டினான்.

"எனக்கு என்ன அவசரம் டாக்டர்? ரேடியோதானே! அவளுக்குப் பண்ணுங்க."

"இப்ப மட்டும் தாராளம் பொங்கி வழியுது" என்றாள் தங்கை.

அவளுக்கும் ஆபரேஷன் ஆனது. கண் ஆறியபின் டாக்டரம்மா பொடி எழுத்து அட்டை ஒன்றை நீட்டினார். தங்கை அதைக் கேக் எழுதும் தூரத்தில் பிடித்துக்கொண்டாள். கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்துவிட்டு, சந்தோஷத்தில் அழுதே விட்டாள்.

"நினைச்ச மாதிரியே வந்திருக்கு" என்றார் டாக்டரம்மா.

"அன்னிக்கே எனக்குப் பண்ணியிருந்தா இத்தனை நாள் தவிச்சிருக்க மாட்டேன் டாக்டர். எல்லாம் எங்க அண்ணன். சரியான சுயநலம்."

டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவர் கண்ணுக்குக் கணக்கு கொஞ்சம் பிசகிடுச்சும்மா. கண்ணாடி இல்லாம அந்தக் கண்ணுல கிட்டத்துலயும் சரியா தெரியாது, தூரத்துலயும் சரியா தெரியாது."

"பளிச்சுனு தெரியுதுன்னானே!"

"வருத்தத்தோடதான் அவர்கிட்ட சொன்னேன். அவர் என்னடான்னா சந்தோஷமா கையெடுத்துக் கும்பிட்டார். 'முதல் கண்ணுதானே பிசகும்? அது என்னோட போகட்டும். இனிமே அவளுக்குச் சரியா போட்ருவீங்கல்ல?'ன்னு கேட்டார்."

தங்கை எழுத்து அட்டையை மேஜைமேல் வைத்தாள். டாக்டரம்மா தொடர்ந்தார்.

"முதல் கண்ணுன்னா ஒரே ஆளோட கண்ணு, ஒருத்தர் கணக்கு இன்னொருத்தருக்கு உதவாதுன்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். 'ஒரே வயித்துல பொறந்த கண்ணு டாக்டர், உதவாம எங்கே போகும்?'னு ஒரே போடா போட்டுட்டார். உங்க கண்ணை நாங்க தனியாத்தான் அளந்தோம். அவர் கண்ணுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

வெளியே பெஞ்சில் அண்ணன் அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் தடுமாறி எழுந்தான்.

"என்ன சொன்னாங்க? சரியா வந்துச்சா?"

தங்கை அவன் மூக்கில் கோணலாக இறங்கியிருந்த கண்ணாடியை நேராக்கிவிட்டாள்.

"எல்லாம் உன் புண்ணியத்துலதாண்ணே. முதல் கண்ணு உன்னோடதுங்கறதாலதான் எனக்கு இவ்வளவு சரியா வந்துச்சுன்னு டாக்டரே சொன்னாங்க!"