சனிக்கிரகத்துக் கையெழுத்து

“ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா வராத மனுஷன், ஆட்டோகிராப் வாங்க மட்டும் கெளம்பிட்டாரு. நீங்களும் கூட சேர்ந்து ஆடறீங்களே அண்ணே, உங்களுக்கே இது நல்லா கீதா?”

ஜலஜா கேட்டுக்கொண்டே இருக்க, சஃப்வான் அவள் கணவன் சண்முகசுந்தரத்தைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினான். சைதாப்பேட்டையில் இருந்து பாண்டி பஜார் போய்ச் சேர்வதற்குள் சுந்தரத்துக்கு இரண்டு முறை மூச்சு வாங்கியது.

இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லி நாலு மாதம் ஆகிறது. மூன்று தேதிகளை சுந்தரம் தட்டிக் கழித்துவிட்டான். நாலாவது தேதி நாளை மறுநாள், திங்கட்கிழமை. கத்தி என்றால் பயம். ஆனால் பயம் என்று ஒத்துக்கொள்வானா? “அதெல்லாம் துட்டு புடுங்கற வேல” என்பான்.

அவன் நம்பியதெல்லாம் ‘சனிக்கிரகத்து விருந்தாளி’யைத்தான். அந்த டிவி தொடர் வந்தால் தெருவே அடங்கிவிடும். சாம்பல் பூசிய முகம், இமைக்காத வெள்ளைக் கண்கள். வேற்றுக் கிரகத்தில் இருந்து வந்த அந்த விருந்தாளி, யாரைப் பார்த்தாலும் அவர் சாகப்போகும் வருஷத்தை எழுதி நீட்டுவான். சனி ஆயுள்காரகன் ஆயிற்றே, நம் ஜனங்களுக்குச் சொல்லவா வேண்டும். போதாக்குறைக்கு, தொடரில் ‘1997’ என்று சீட்டு வாங்கிய கிழ நடிகர் மூன்றே வாரத்தில் நிஜமாகவே போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்கு வயது எண்பத்தொன்று என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டிவி கடை மாடியில் ஒரே ஒரு நீல பல்ப். நூறு பேர் நின்ற வரிசையில் செருமல் சத்தம்கூட இல்லை. மேஜைக்குப் பின்னால் விருந்தாளி, அதே சாம்பல் முகத்தோடு. பேசுவதில்லை. தன் புகைப்படத்தில் கையெழுத்துப் போட்டு, அடியில் ஒரு வருஷத்தை எழுதித் தள்ளினான்.

முன்னால் நின்ற மாமி செருப்பைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொண்டாள். 2031. “பேரன் கல்யாணத்தைப் பாத்துடுவேன்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சுந்தரம் குனிந்து கிசுகிசுத்தான். “எனக்கும் அந்த மாரி எழுதினான்னு வையி மச்சி, திங்கக்கெழம ஆஸ்பத்திரி பக்கமே போ மாட்டேன். ஆயுசு கெட்டியா இருந்தா டாக்டரு இன்னாத்துக்கு?”

“கம்மியா எழுதினா?”

“அப்பவும் இன்னாத்துக்கு? வூட்லயே கெடக்கறேன்.”

“அதுவும் சரிதான்” என்றான் சஃப்வான். நல்ல சிநேகிதன்.

சுந்தரத்தின் முறை வந்தது. விருந்தாளி கையெழுத்துப் போட்டான். பேனா வருஷம் எழுதும் இடத்துக்கு இறங்கியது. அங்கேயே நின்றது.

வெள்ளைக் கண்கள் மெல்ல நிமிர்ந்தன. முகத்தைப் பார்த்தன. பிறகு சட்டையின் இடதுபக்கம் இறங்கி, நெஞ்சிலேயே நின்றுவிட்டன.

விருந்தாளி பேனாவை மூடினான். படத்தைத் தள்ளினான்.

“சார், வருஷம்?”

சாம்பல் தலை இடமும் வலமுமாக ஒரே ஒரு முறை அசைந்தது.

சஃப்வான் மேஜையைத் தட்டினான். “அல்லாருக்கும் எழுதறே. இவனுக்கு மட்டும் எழுத மாட்டியா? இன்னா ஆளுய்யா நீ?”

காவலாளிகள் இருவரையும் வெளியே தள்ளினார்கள். மாமி, சுந்தரம் மேலே பட்டுவிடாமல் புடவையை இழுத்துக்கொண்டாள்.

கடை வாசற்படியில் சுந்தரம் உட்கார்ந்துவிட்டான். பஜாரின் இரைச்சல் எதுவும் அவன் காதில் விழவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை.

“எழுதறதுக்கு ஒண்ணுமே இல்லியாடா எனக்கு?”

“எனக்கு இன்னா தெரியும். இன்னும் முடிவாவலியோ என்னமோ.”

சுந்தரம் வெகுநேரம் அந்தப் படத்தின் வெற்றிடத்தையே பார்த்தான். பிறகு சஃப்வானின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

“திங்கக்கெழம வரைக்கும் வாணாம். இப்பவே ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவ வுடச் சொல்லு.”

ஆபரேஷன் நடந்தது. நெஞ்சுநோய்க்காரனைக் கூட்டிப் போய் இப்படியா பயமுறுத்துவது என்று ஜலஜா சஃப்வானிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

கையெழுத்து வாங்கிய பன்னிரண்டாம் நாள், கோடம்பாக்கத்துச் சந்து ஒன்றில் ஒரு கதவைத் தட்டினான் சஃப்வான். திறந்தது விருந்தாளிதான். சாம்பல் இல்லாத முகம், கைலி, சிவந்து வீங்கிய கண்கள்.

சஃப்வான் வாயைத் திறக்கும் முன்பே அவர் கேட்டார். “அவரு... இருக்காரா?”

“இருக்கான் சார். நேத்து ரெண்டு இட்லி கேட்டு வாங்கி சாப்ட்டான்.”

நடிகர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தார். “பன்னெண்டு நாளா தூக்கமே இல்லீங்க. பயத்துல அங்கியே அவர் நெஞ்சு நின்னிருந்தா, அந்தப் பாவம் யாருக்கு?”

“எனக்குத்தான் சார்” என்றான் சஃப்வான். “வருஷத்த எழுதாதீங்க, அவன் நெஞ்சையே பாருங்கன்னு அதுக்கு மொத நாளு இதே வாசல்ல நின்னு கெஞ்சினவன் நான்தானே.”