பாதி திறந்த ஜன்னல்

புயல் கரையைக் கடக்க இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. பேச்சைக் கேட்டுத் தானே இயங்கும் அந்த வீடு தொட்டிகளில் தண்ணீரை நிரப்பிவிட்டது, கூரையை இறுக்கிவிட்டது. கதவை மட்டும் பூட்டவில்லை. அதன் பதிவில் பெயர் உள்ள மூவரும் உள்ளே வந்தால்தான் அது பூட்டும்.

"தனவேல் இன்னும் வரவில்லை," என்றது வீடு. "காத்திருக்கவா? இனி வரமாட்டார் என்றால் பெயரை எடுத்துவிடுகிறேன்."

கடலுக்குப் போன தனவேலின் படகு மட்டும் கரைக்குத் திரும்பிப் பதினான்கு மாதம் ஆகிறது.

"எடுக்கச் சொல்லும்மா. காத்து வலுத்துட்டு வருது," என்றாள் மகள் இனியா.

கனகவல்லி வாசலையே பார்த்தாள். கணவர் இல்லை என்று எழுதிய தாள் ஒன்றில்கூட அவள் இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை.

"அவரு வந்துட்டாரு. நீ பூட்டு."

வீடு நம்பியது. கதவு பூட்டிக்கொண்டது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடின. கடல் பக்கத்து ஜன்னல் மட்டும் பாதியில் நின்றது. ஒவ்வொரு புயலுக்கும் தன்னைக் கேட்டுத்தான் அதை மூட வேண்டும் என்று தனவேல் பழக்கிவைத்திருந்தார்.

"தனவேல், இதையும் மூடிவிடவா?"

கனகவல்லி அந்த ஜன்னல் பக்கம் போனாள். சாரல் தரையை நனைத்தது.

"தனவேல்?" என்று வீடு மறுபடியும் கேட்டது.

இனியா அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள். குரலைக் கனமாக்கிக்கொண்டு, அப்பா எப்போதும் சொல்வதைச் சொன்னாள்.

"கொஞ்ச நேரம் கெடக்கட்டும். கடலைப் பாத்துக்கிட்டு இருக்கேன்ல."

"சரி, தனவேல்," என்றது வீடு.