முதுகு காட்டியவர்

"ஆறு வாரமா உங்க மியூசியத்துல சாயங்காலக் கச்சேரி பண்றேன். அந்த இருட்டு மூலையில ஒருத்தர் எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டே நிக்கிறார். ஒரு தடவைகூட கை தட்டினதில்ல. இன்னிக்கும் அவர் நின்னா நான் பாட மாட்டேன்!" பாடகி பொரிந்து தள்ளினாள்.

அதிகாரி சிரித்தார். "அவர் எங்க காவலாளி மேடம். டியூட்டியில கண்ணு ஓவியங்க மேலயே இருக்கணும். திரும்பினா வேலை போயிடும்."

பாடகிக்கு என்னவோ போலானது. "அடடா! எங்கே அவர்? மன்னிப்புக் கேக்கணும்."

"இன்னிக்கு லீவு."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

அதிகாரி முதல் வரிசையைக் காட்டினார். அங்கே மனைவியோடு ஒருவர் மேடையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"லீவ் லெட்டர்ல காரணம் எழுதியிருக்கார் மேடம். 'ஒரு நாளாவது திரும்பி உட்கார்ந்து பாட்டுக் கேட்க வேண்டும்.'"