மூன்று நாள் நீராவி

“மூணு நாள் குடுங்க, மருமகனே. மூணே நாள். அதுக்கப்புறம் கொதிகலனை அணைச்சுக்குங்க.”

மிரோன் குடித்துக்கொண்டிருந்த தேநீரைக் கீழே வைத்தான். முகாமில் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் இசிடோரை எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள்; அவருக்கு எல்லோரும் மருமகன். சோதனை தொடங்கிய இந்தப் பதின்மூன்று மாதத்தில் அவர் ஒரு விடுப்புகூடக் கேட்டதில்லை.

“இன்னிக்கு மத்தியானம் நிறுத்தணும்னு கால்கரி ஹெட் ஆபீஸ்லேருந்து உத்தரவு, மாமா. நான் என்ன பண்ண?”

“நிறுத்தினா குழாய்ச் சூடு எவ்வளவு நேரம் தாங்கும்?”

“ஒரு மணி நேரம் தாங்கினா அதிகம். வெளியில பாருங்க, மே மாசத்துல பனி கொட்டுது.”

கனடாவின் அத்தபாஸ்கா ஆற்றங்கரைக் காட்டுக்கு அடியில், நானூறு அடி ஆழத்தில், தார் கலந்த மணல் பாறைபோல் இறுகிக் கிடந்தது. ஒரு குழாய் வழியே நீராவியைச் செலுத்தி அதை இளக்கினால், பக்கத்துக் கிணற்றில் எண்ணெயாக வந்து சேரும் என்பது பொறியாளன் மிரோனின் கணக்கு. ஆனால் அந்தக் கிணறு இன்றுவரை வெந்நீரைத்தான் கக்கியது. சோதனையை மூடினால் இருபத்திரண்டு பேருக்கு வேலை இல்லை. மிரோனின் எட்டு வருட உழைப்புக்கும் அர்த்தம் இல்லை.

“அடியில ஏதாவது அசையுதா, மாமா? உங்களுக்கு ஏதாச்சும் தட்டுப்படுதா?”

“காரணம் கேக்காதீங்க. சொன்னா சிரிப்பீங்க.”

மிரோன் சிரிக்கவில்லை. மாமாவின் முன்னோர்கள் ஆற்றோரம் கசியும் இந்தத் தாரை எடுத்துத்தான் படகின் விரிசலை அடைத்தார்கள். நம் கருவிகளுக்கு எட்டாதது இந்த மண்ணில் பிறந்தவருக்கு எட்டாமலா போகும்?

தொலைபேசியை எடுத்தான்.

“மூணு நாளா? எதை வச்சுக் கேக்குற?” என்றார் மேலாளர்.

“இந்த ஊர்க்காரர் ஒருத்தர் சொல்றார், சார்.”

“எந்தக் காலேஜ்ல படிச்சவர்?”

“கொதிகலன் பார்க்கிறவர், சார்.”

“சரி. மூணாம் நாள் சாயங்காலம் சாமான் ஏத்த லாரி வரும். எண்ணெய் வரலைன்னா முதல் ஆளா நீ அதுல ஏறு. அப்புறம் எந்தக் கிணத்துப் பக்கமும் உன்னைப் பார்க்கக் கூடாது.”

“ஏறிக்கிறேன், சார்.”

மாமா மிரோனின் கையை இரண்டு கைகளாலும் பிடித்து அழுத்திவிட்டு வெளியே போனார். அவர் கண் கலங்கியிருந்தது.

முதல் நாள் வெந்நீர். இரண்டாம் நாளும் வெந்நீர்.

“மாமா நல்லா சூப்பு வைக்கிறாரு. கறித்துண்டுதான் ஒண்ணையும் காணோம்” என்றான் பம்பு ஓட்டும் டெனிஸ், கிணற்று வெந்நீரைக் காட்டி.

மாமா சாப்பாட்டுக்குக்கூட உள்ளே வரவில்லை. ரொட்டியைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு பனியில் போய்விடுவார். ஜெபம் செய்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். யாரும் அவரைத் தொந்தரவு செய்யவில்லை.

மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் டெனிஸ் ரொம்பத் தாழ்ந்த குரலில் கூப்பிட்டான். “சார், கொஞ்சம் இங்க வாங்க.”

கிணற்றுக் குழாய் இருமியது. பழுப்பாகக் கொஞ்சம் தண்ணீர் வந்தது. பிறகு கன்னங்கரேலென்று, கயிறு போலக் கனமாக, அது இறங்கியது. நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள். அதில் ஒரு கரண்டி எடுத்து, ஆறவிட்டு, மிரோன் உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டான். வெதுவெதுப்பாக இருந்தது. கடலாக இருந்த நிலம் வற்றி, பனி மூடி, காடு முளைத்து, இத்தனை கோடி வருடங்களுக்குப் பிறகு அதன் அடிவயிறு முதல்முறையாக இளகியிருக்கிறது. அவன் மற்றொரு கையால் சிலுவைக்குறி போட்டுக்கொண்டான்.

மாமாவைத் தேடி ஓடினான். கொதிகலனுக்குப் பின்னால், நீராவிக் குழாயின் ஓரமாக அவர் குப்புறப் படுத்திருந்தார்.

“வந்துடுச்சு, மாமா. நீங்க சொன்ன அதே மூணு நாள். எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?”

மாமா உதட்டில் விரலை வைத்தார். “எண்ணெயைப் பத்தி எனக்கு என்ன தெரியும், மருமகனே? சத்தம் போடாமக் குனிஞ்சு பாருங்க. அம்மாக்காரி இரை தேடப் போறப்பல்லாம் இந்தக் குழாய்தான் அடைகாத்தது.”

பனி ஒட்டாத கூழாங்கற்களுக்கு நடுவே, பருவம் தப்பி முட்டையிட்டுவிட்ட உப்புக்கொத்திக் குருவி ஒன்றின் மூன்று குஞ்சுகள் ஈரம் காய நின்றிருக்க, நான்காவது அப்போதுதான் ஓட்டை உடைத்துக்கொண்டு தலையை நீட்டியது.